மானுக்கு எந்தக் குண்டு? பிரான்சில் வேட்டைக்குப் போகும் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு

புதுச்சேரியில் சொல்தா வீடு என்றால் எல்லாருக்கும் புரியும். தாத்தாவோ அப்பாவோ பிரெஞ்சு ராணுவத்தில் இருந்திருப்பார். வீட்டுக்கு அங்கிருந்து பென்ஷன் வரும். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று பிரான்சிலும் ரெயூனியன் தீவிலும் குடும்பத்தோடு இருக்கிறார்கள். கிராமப் பக்கம் வேலை கிடைத்தவர்களைக் கூட வேலை செய்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை வேட்டைக்குக் கூப்பிடுகிறார்கள். இவர்களும் ஆசையோடு பரீட்சை எழுதி லைசென்ஸ் எடுத்துவிடுகிறார்கள். துப்பாக்கிக் கடையில் போய் நின்ற பிறகுதான் திகைப்பு. ஒரே பெயருள்ள தோட்டா, அலமாரி நிறைய விதவிதமான பெட்டிகளில் இருக்கும். உடனே ஊருக்கு போன் வரும்: "சித்தப்பா, இதுல எதை வாங்கறது?"

சொல்தா வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் பதில் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். "நல்லா கெட்டியான குண்டா வாங்கு, பெரிய துப்பாக்கியா எடு, ஒரே அடியில விழுந்துடும்." அது ராணுவத்தில் பழகிய பேச்சு. வேட்டைக்கு அது உதவாது, மானுக்குக் கொடுமையாகவும் முடியும். துப்பாக்கியிலிருந்து குண்டு எவ்வளவு வேகமாகக் கிளம்புகிறது என்பதை எல்லாரும் பேசுகிறார்கள். மானின் விலாவுக்குள் நுழைந்த பிறகு அந்த ஒரு சாண் ஆழத்தில் அது என்ன செய்கிறது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். அதைப் புரிந்துகொண்டால் கடையில் திகைக்க வேண்டியதில்லை.

அதற்கு முன் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். இங்கே மான் வேட்டை கிடையாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி புள்ளிமான், கடமான், வெளிமான் எதைச் சுட்டாலும் குற்றம். கறியை வைத்திருப்பதும் குற்றம். கீழே எழுதுவது எல்லாம் பிரெஞ்சு மண்ணில், லைசென்சோடு, சீசனில் நடக்கும் வேட்டை பற்றியது. அங்கே எந்தப் பகுதியில் எத்தனை மான் சுடலாம் என்று முன்கூட்டியே ஒதுக்கீடு உண்டு. சுட்ட மானை அந்த இடத்திலிருந்து நகர்த்துமுன் அதன் காலில் எண் போட்ட பட்டையை மாட்டியாக வேண்டும். இன்னொன்று: லீவுக்கு ஊருக்கு வரும்போது வேட்டைக்குக் கொண்டுபோன பையை எடுத்து வராதீர்கள். மறந்து கிடக்கும் ஒற்றைத் தோட்டா போதும், சென்னை ஏர்போர்ட்டில் ஸ்கேனர் காட்டிக்கொடுத்து, ஆயுதச் சட்டத்தில் வழக்கு வரை போய்விடும்.

தோட்டா வேறு, குண்டு வேறு

தோட்டா என்பது முழுச் சாமான். பித்தளைக் கூடு, அதன் அடியில் குத்தினால் தீப்பொறி தரும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, வாயில் செருகிய குண்டு. துப்பாக்கி ஊசி பிரைமரைக் குத்தினால் மருந்து எரிந்து வாயுவாகிக் குண்டைத் தள்ளுகிறது. கூடு துப்பாக்கியில் தங்கிவிடும். மானிடம் போய்ச் சேர்வது குண்டு மட்டும்.

.308 வின்செஸ்டர், .30-06, 7×64, .243 என்பவை தோட்டாவின் பெயர்கள். எந்தத் துப்பாக்கியில் எது பொருந்தும் என்பதை அவை சொல்கின்றன. பேரலில் பொறித்த பெயரும் பெட்டியில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். 8×57 என்ற எண்ணிலேயே ஜே.எஸ்., ஜே.ஆர்.எஸ். என இரண்டு உண்டு. இரண்டாவதன் கூட்டுக்கு அடியில் விளிம்பு இருக்கும். "எட்டு ஐம்பத்தேழு கொடுங்க" என்று கேட்டு வாங்கி வந்துவிடக் கூடாது.

உடலுக்குள் நடப்பது

மானின் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், நெஞ்சுக்கூட்டுக்குள் இதயமும் இரண்டு நுரையீரலும் இருக்கின்றன. வேட்டைக்காரன் குறிவைக்க வேண்டிய இடம் அதுதான். நுரையீரல் இரண்டும் நன்றாகக் கிழிந்தால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி, மூளைக்கு ரத்தம் போகாமல் சில நொடிகளில் மான் நினைவிழந்துவிடும். அந்தச் சில நொடிகளில் அது ஐம்பது, அறுபது மீட்டர் ஓடிவிடுவதும் உண்டு. அதனால் அடி தவறிவிட்டது என்று நினைக்கக் கூடாது. எவ்வளவு திசு கிழிந்தது, எவ்வளவு வேகமாக ரத்தம் வெளியேறியது என்பதுதான் கணக்கு.

ராணுவக் குண்டு முனை முதல் முழுக்கத் தாமிர உறை போர்த்தது. ஃபுல் மெட்டல் ஜாக்கெட் என்பார்கள். அது விரியாது. மானின் நுரையீரல் வழியே நுழைந்தால் பெரும்பாலும் சின்னத் துளை போட்டுவிட்டு மறுபக்கம் போய்விடும். மான் ஓடிவிடும். ரத்தத் தடமும் சரியாக விழாது. எங்கோ புதருக்குள் மணிக்கணக்கில், சில நேரம் நாள்கணக்கில் கிடந்து சாகும்.

இதற்குப் பின்னால் நம் நாட்டோடு சேர்ந்த ஒரு வரலாறு இருக்கிறது. 1890-களில் கொல்கத்தாவை ஒட்டிய டம்டம் ஆயுதச் சாலையில் கேப்டன் நெவில் பெர்ட்டி-கிளே என்ற ஆங்கிலேய அதிகாரி .303 குண்டின் முனையில் உறையை விட்டுவிட்டு ஈயம் வெளியே தெரியும்படி செய்தார். உடலில் பட்டதும் முனை நசுங்கி விரிந்தது. காயம் கோரமாக இருந்தது. டம்டம் குண்டு என்று உலகமெங்கும் பெயர் பரவியது. 1899-இல் ஹேக் நகரில் கூடிய மாநாடு, போரில் விரியும் குண்டைப் பயன்படுத்தக் கூடாது என்று பிரகடனம் செய்தது.

போரில் தடுத்த அந்தக் குணம்தான் வேட்டையில் வேண்டும். காயம்பட்ட சிப்பாயைத் தூக்கிக்கொண்டு போக ஆள் உண்டு, டாக்டர் உண்டு, பிழைத்து வீடு திரும்ப வழி உண்டு. காயம்பட்ட மானுக்கு எதுவும் இல்லை. சுடுவது என்று முடிவுசெய்துவிட்டால் அதன் சாவு நொடிகளில் முடிய வேண்டும். விரியும் குண்டு அதற்காகத்தான்.

விரிவதிலும் அளவு இருக்கிறது. தோல் தாண்டியதும் பொடிப்பொடியாக உடையும் குண்டு, தோள் எலும்பில் பட்டால் மேலேயே பெரிய புண்ணாக்கிவிட்டு நுரையீரல் வரை போகாமல் நின்றுவிடும். கடினமான குண்டு சின்ன மானுக்குள் விரிய நேரமே கிடைக்காமல் ஊடுருவிப் போய்விடும். சரியான குண்டு நுழைந்த சில சென்டிமீட்டருக்குள் விரியத் தொடங்கி, விட்டம் ஏறக்குறைய இரண்டு மடங்காகி, சிதறாமல் மறுபக்கம் வரை போகும். வெளியேறினால் இன்னும் நல்லது. இரண்டு துளை இருந்தால் ரத்தத் தடம் தெளிவாக விழும். மங்கிய வெளிச்சத்திலும் மானைத் தேடிக் கண்டுபிடிக்கலாம்.

கடையில் கிடைக்கும் வகைகள்

பழையது, மலிவானது, இன்றைக்கும் மதிப்புக் குறையாதது சாஃப்ட் பாயிண்ட். உள்ளே ஈயம், சுற்றிலும் தாமிர உறை, முனையில் மட்டும் ஈயம் வெளியே எட்டிப்பார்க்கும். பட்டதும் முனை நசுங்கி, உறை பின்னால் பிரிந்து மடங்கும். நடுத்தர வேகத்தில், நடுத்தர தூரத்தில், சிறு மானுக்கு இதைவிட நம்பகமானது வேண்டாம் என்பது என் கருத்து. மிக அருகில் மிக வேகமாகப் பட்டால் ஈயமும் உறையும் பிரிந்துபோகும். அது இதன் பலவீனம்.

முனையில் சிவப்பு, நீலம், பச்சை என்று பிளாஸ்டிக் கூர் வைத்தவை பார்க்க அழகாக இருக்கும். கூர் காற்றைக் கிழித்துப் போக உதவும். பட்டதும் உள்ளே தள்ளப்பட்டு விரிவைத் தொடங்கிவைக்கும். ஆனால் வெளியே ஒரே மாதிரி தெரியும் இரண்டு குண்டுகளில் ஒன்று மெல்லிய உறையோடு உடனே சிதறும். இன்னொன்று தடித்த உறையோடு ஆழம் போகும். நிறத்தைப் பார்த்து வாங்காமல், எந்த மிருகத்துக்கு என்று பெட்டியில் தயாரிப்பாளர் எழுதியிருப்பதைப் பாருங்கள்.

பான்டட் என்ற வகையில் ஈயத்தையும் உறையையும் பிரியாமல் பிணைத்திருப்பார்கள். எலும்பில் பட்டாலும் கட்டுக்கோப்பாக இருக்கும். இதே சிக்கலுக்கு ஜான் நோஸ்லர் என்ற அமெரிக்கர் வேறு வழி கண்டார். பெரிய மூஸ் மானைச் சுட்டபோது குண்டு ஆழம் போகாததைப் பார்த்து, குண்டின் நடுவே குறுக்காக ஒரு தாமிரச் சுவர் வைத்தார். முன்பாதி விரியும், பின்பாதி அப்படியே நின்று தள்ளிக்கொண்டு போகும். பார்ட்டிஷன் என்ற அந்தக் குண்டு 1948 முதல் விற்பனையில் இருக்கிறது.

கடைசியாக, ஈயமே இல்லாத முழுத் தாமிரக் குண்டு. 1989-இல் பார்ன்ஸ் கம்பெனியின் எக்ஸ் குண்டு வந்த பிறகு பரவியது. முனையில் சிறு குழி இருக்கும். பட்டதும் அந்தக் குழிக்குள் ஈரத் திசு புகுந்து அழுத்த, முனை நாலு இதழாகப் பிளந்து பின்னால் சுருளும். மண்மேட்டில் புதைந்த ஒன்றையோ, மானின் மறுபக்கத் தோலுக்கடியில் சிக்கிய ஒன்றையோ கையில் எடுத்துப் பார்த்தால் தெரியும்: நாலு இதழும் ஒழுங்காகச் சுருண்டிருக்கும், அடிப்பகுதியில் பேரலின் வரிப்பள்ளம் பதிந்த கோடுகள் அப்படியே இருக்கும், எடை போட்டால் ஏறக்குறைய முழு எடையும் நிற்கும். சாதாரண சாஃப்ட் பாயிண்ட் குண்டில் மூன்றில் ஒரு பங்குகூடக் குறைந்திருக்கலாம். குறைந்த அந்த ஈயம் எங்கே போனது என்பதைக் கறி பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

ஓர் எச்சரிக்கை. ஹாலோ பாயிண்ட், அதாவது முனையில் துளை உள்ளது, என்று எழுதியிருந்தாலே விரியும் என்று நம்பிவிடக் கூடாது. மேட்ச் என்று போட்ட குண்டுகள் காகித இலக்கைச் சுடுவதற்குச் செய்தவை. அவற்றின் முனைத் துளை தயாரிப்பு முறையால் வருவது. மானில் அவை ஒருமுறை விரியும், ஒருமுறை விரியாது. துல்லியமாகப் போகிறதே என்று அவற்றை வேட்டைக்கு எடுக்காதீர்கள்.

பெட்டியைப் படிப்பது எப்படி

பிரான்சில் வாங்கும் பெட்டியில் இப்படி இருக்கும்: .308 வின்செஸ்டர், 150 கிரெய்ன், 9.7 கிராம், சாஃப்ட் பாயிண்ட். பின்பக்கம் ஓர் அட்டவணை: பேரல் வாயில் வேகம் நொடிக்கு சுமார் 860 மீட்டர், ஆற்றல் சுமார் 3,600 ஜூல், பிறகு 100, 200, 300 மீட்டரில் அவை எவ்வளவு என்று.

கிரெய்ன் என்பது பழைய ஆங்கில எடை. 7,000 கிரெய்ன் ஒரு பவுண்டு, அதாவது சுமார் 454 கிராம். இது குண்டின் எடையைக் குறிக்கிறது, மருந்தின் எடையை அல்ல. .308 என்பது அங்குலத்தில் குண்டின் விட்டம், மில்லிமீட்டரில் 7.8. இதே விட்டத்தில் 150, 165, 180 கிரெய்ன் கிடைக்கும். விட்டம் மாறாமல் எடை கூடினால் குண்டு நீளமாகிறது. நீண்ட குண்டு, அதே அகலமுள்ள துளைக்குப் பின்னால் கூடுதல் எடையை வைத்துத் தள்ளுவதால் ஆழம் போகும். வேகம் கொஞ்சம் குறையும். தோளில் உதை கூடும்.

அட்டவணையில் ஆற்றலைவிட வேகத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன். குண்டு விரிய ஒரு குறைந்தபட்ச வேகம் வேண்டும். பெரும்பாலான வேட்டைக் குண்டுகளுக்கு அது நொடிக்கு 550 முதல் 600 மீட்டர் அளவில் இருக்கும். தாமிரக் குண்டுக்குச் சற்றுக் கூடுதலாக வேண்டியிருக்கும். மேலே சொன்ன 150 கிரெய்ன் குண்டு 300 மீட்டரில் 630 சொச்சத்துக்கு இறங்கிவிடும். ஜூல் கணக்கில் அங்கேயும் தாராளமாக இருக்கும். ஆனால் விரிவதற்கான வேகம் விளிம்பில் நிற்கிறது. புதிதாகத் தொடங்குபவர் 150 மீட்டருக்கு மேல் சுடவே வேண்டாம். அந்தத் தூரத்துக்குள் இந்தச் சிக்கலும் எழாது.

பேரலின் உள்ளே சுருள் சுருளாக வரிப்பள்ளம் ஓடுகிறது. அது குண்டைச் சுழற்றிவிடுகிறது. பம்பரம் சுழலும்வரை நேராக நிற்பதுபோல குண்டும் சுழற்சியால்தான் முனை முன்னால் இருக்கும்படி போகிறது. நீண்ட குண்டுக்கு வேகமான சுழற்சி வேண்டும். தாமிரம் ஈயத்தைவிட லேசானது; கன சென்டிமீட்டருக்கு ஈயம் 11.3 கிராம், தாமிரம் 9 கிராம்கூட இல்லை. ஆகவே அதே 165 கிரெய்னைத் தாமிரத்தில் செய்தால் குண்டு நீண்டுவிடும், உங்கள் பேரலுக்கு ஒத்துவராமலும் போகலாம். தாமிரத்துக்கு மாறும்போது ஒரு படி இறங்குங்கள்: 165-க்குப் பதில் 150, 150-க்குப் பதில் 130. தாமிரம் சிதறாததால் ஆழம் குறையாது. வேகம் கூடுவதால் விரிவும் நன்றாக நடக்கும்.

எந்த மான்?

பிரான்சில் பிள்ளைகள் முதலில் பார்ப்பது ஷெவ்ரெய் என்னும் சிறு மான். 20 முதல் 30 கிலோதான். நம்மூர்ப் புள்ளிமானைவிடச் சிறியது. நெஞ்சின் குறுக்களவு ஏறக்குறைய ஒரு சாண். அங்கே மென்மையான, சீக்கிரம் விரியும் குண்டு வேண்டும். .243-இல் 95 அல்லது 100 கிரெய்ன் சாஃப்ட் பாயிண்ட் போதும். மருந்து அதிகமுள்ள .300 மேக்னம் தோட்டாவை எடுத்துப் போய்ச் சுட்டால் மான் விழும், ஆனால் முன்தோள் இரண்டும் ரத்தம் கட்டிக் கறுத்துப் போகும். அந்தக் கறியை வெட்டி எறிய வேண்டியதுதான்.

செர்ஃப் என்னும் பெரிய செம்மான் வேறு கணக்கு. ஆண் மான் 150 கிலோவைத் தாண்டும். தோள் எலும்பு கனமானது. பான்டட் அல்லது தாமிரக் குண்டு இங்கேதான் காசுக்கு மதிப்பு. .308 அல்லது .30-06-இல் 165, 180 கிரெய்ன். 7×64-இல் 150, 160 அளவு. ரெயூனியனிலும் நியூ கலிடோனியாவிலும் ஜாவாவிலிருந்து வந்த ரூசா மான் இருக்கிறது. இது இரண்டுக்கும் நடுவில். 150 கிரெய்ன் நல்ல குண்டு அதற்குப் போதுமானது.

பிரெஞ்சுச் சட்டம் கீழ் எல்லையை வைத்திருக்கிறது: குண்டின் விட்டம் 5.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, 100 மீட்டரில் ஆற்றல் 1,000 ஜூலுக்குக் குறையக் கூடாது. பாயிண்ட் டூ-டூ போன்ற, ஊசி கூட்டின் விளிம்பில் குத்தும் ரிம்ஃபயர் துப்பாக்கியில் பெரிய மிருகத்தைச் சுட அனுமதி இல்லை. 2013 செப்டம்பர் வரை .308, .30-06 போன்றவை ராணுவத் தோட்டாக்கள் என்று அங்கே கட்டுப்பாட்டில் இருந்தன. அதனால்தான் பழைய பிரெஞ்சு வேட்டைக்காரர்கள் கையில் 7×64 அதிகம். அவர்கள் அதையே சிபாரிசு செய்வார்கள். தாராளமாகக் கேளுங்கள், அருமையான தோட்டா.

உதையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரிய மேக்னம் தோளில் இடிக்கும். இடிக்கும் என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டால், விசையை இழுக்கும் நொடியில் கண் மூடும், தோள் முன்னால் தள்ளும். குண்டு வயிற்றில் போய்ப் படும். வயிற்றில் பட்ட மேக்னம் குண்டைவிட நுரையீரலில் பட்ட .243 ஆயிரம் மடங்கு மேல்.

கறி

வேட்டை மான் சாப்பிடத்தான் என்பதால் இதை நான் அழுத்திச் சொல்கிறேன். ஈயக் குண்டு விரியும்போது கண்ணுக்குத் தெரியாத துகள்கள் காயத்தைச் சுற்றிப் பரவும். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் துளையிலிருந்து வெகுதூரம் தள்ளியும் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். கழுவினால் போகாது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. நம் வீடுகளில் விந்தாலுக்கு வினிகரும் பூண்டும் போட்டு ஊறவைக்கும் பழக்கம் உண்டு. புளிப்பில் ஈயம் இன்னும் எளிதாகக் கரைந்து உடம்பில் சேரும். சாஃப்ட் பாயிண்ட் பயன்படுத்தினால் காயத்தைச் சுற்றி ஒரு சாண் அளவு தாராளமாக வெட்டி எறியுங்கள்; கறி வீணாகிறதே என்று பார்க்காதீர்கள். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் தாமிரத்துக்கே போய்விடுங்கள், விலை கூடுதல் என்றாலும்.

உலகமும் அந்தப் பக்கம்தான் போகிறது. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டு கூடாது. மிச்சக் கறியைத் தின்ற கழுகுகள் ஈய நஞ்சால் செத்ததும் அதற்கு முக்கியக் காரணம். டென்மார்க்கில் 2024 ஏப்ரல் முதல் ரைபிளுக்கும் ஈயம் தடை.

குண்டு மானோடு நிற்பதில்லை

மானைத் துளைத்து வெளியேறும் குண்டுக்கு இன்னும் வேகம் இருக்கும். தவறிய குண்டு கிலோமீட்டர் கணக்கில் பறக்கும். ஆகவே மானுக்குப் பின்னால் மண்மேடோ சரிவோ இருந்தால் மட்டும் சுட வேண்டும். மேட்டின் உச்சியில் வானத்தைப் பின்னணியாக வைத்து நிற்கும் மானை விட்டுவிட வேண்டும், அது எவ்வளவு நல்ல மானாக இருந்தாலும். கூட்டாகச் செய்யும் வேட்டையில் பக்கத்து ஆள் நிற்கும் திசையிலிருந்து 30 டிகிரிக்குள் சுடக் கூடாது என்ற விதி பரீட்சையிலேயே வரும். தாமிரக் குண்டு கடினமானது, கல்லில் பட்டால் முழுசாகத் தெறிக்கும். அதைப் போட்டிருக்கும்போது இன்னும் கவனம் வேண்டும்.

இப்போது சித்தப்பாவின் பதில். முதல் துப்பாக்கி, ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் .308 போல்ட் ஆக்‌ஷன். ஷெவ்ரெய்தான் அதிகம் என்றால் 150 கிரெய்ன் சாதாரண சாஃப்ட் பாயிண்ட். செர்ஃப்பும் வரும் இடம் என்றால் 150 கிரெய்ன் தாமிரம். முதலில் இரண்டு மூன்று பிராண்டில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, சுடுதளத்தில் 100 மீட்டரில் ஒவ்வொன்றிலும் மூன்று மூன்றாகச் சுட்டுப் பாருங்கள். ஒரே மாதிரித் துப்பாக்கி இரண்டு இருந்தால் ஒன்றுக்குப் பிடித்த குண்டு இன்னொன்றுக்குப் பிடிக்காது. அதைப் பேரல்தான் சொல்லும். நெருக்கமாக விழும் குண்டைத் தேர்ந்து, ஸ்கோப்பை அதற்குச் சரிசெய்து, சீசன் முழுவதற்கும் வேண்டிய பெட்டிகளை ஒரே லாட் எண் (ஒரே தயாரிப்புத் தொகுதியின் எண்) பார்த்து ஒரே நாளில் வாங்கிவிடுங்கள். நடுவில் வேறு எடைக்கோ வேறு பிராண்டுக்கோ மாறினால், மறுபடி சுடுதளத்துக்குப் போகாமல் காட்டுக்குப் போகாதீர்கள்.